முதுகுப்பைப் பயணத்துக்கு எந்த ஸ்பூன், எந்தக் குவளை? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பையை முதுகில் மாட்டிக்கொண்டு இரண்டு மூன்று நாள் நடக்கக் கிளம்புகிறவர்கள் கூடாரத்தையும் தூங்கும் பையையும் கிராம் கணக்கில் எடைபோட்டுப் பார்ப்பார்கள். சாப்பிடும் பாத்திரம் என்று வந்தால் மட்டும் சமையலறையில் கைக்கு அகப்பட்டதை எடுத்துத் திணித்துக்கொள்வார்கள். இல்லையென்றால் ஸ்பூன், ஃபோர்க், கத்தி மூன்றும் சேர்ந்த பளபளப்பான செட் ஒன்றை வாங்கிவிடுவார்கள். இரண்டுமே வீண் சுமை. பெரும்பாலானவர்களுக்கு நீளக் காம்புள்ள ஒரே ஒரு ஸ்பூனும், சமைக்கவும் அதிலேயே சாப்பிடவும் தோதான ஒரு பாத்திரமும் போதும். எந்த ஸ்பூன் என்பது நீங்கள் என்ன சாப்பிடப் போகிறீர்கள், எதிலிருந்து எடுத்துச் சாப்பிடப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதனால் கடைக்குப் போகும் முன் முதல் இரண்டு படிகளை வீட்டிலேயே முடித்துவிடுங்கள்.

படி 1: என்ன சாப்பாடு, எந்தப் பாத்திரம்?

ஒவ்வொரு வேளைக்கும் என்ன சாப்பாடு என்று ஒரு தாளில் எழுதுங்கள். எதிரே, அதை எதிலிருந்து சாப்பிடுவீர்கள் என்றும் எழுதுங்கள். பொதுவாக மூன்று வகைதான் வரும். வெந்நீர் ஊற்றி ஊறவைத்து அந்தப் பையிலிருந்தே சாப்பிடும் உலர் உணவு. பாத்திரத்தில் வேகவைக்கும் நூடுல்ஸ், ஓட்ஸ், சூப் போன்றவை. ரொட்டி, கொட்டைப் பருப்பு, பிஸ்கட் மாதிரி கையில் எடுத்துச் சாப்பிடுபவை.

முதல் வகைக்கு நீளமான ஸ்பூன் கட்டாயம். இரண்டாம் வகைக்கு ஸ்பூனின் நீளத்தைவிட, அதன் விளிம்பு பாத்திரத்தின் அடிமூலையில் பொருந்துகிறதா என்பதே முக்கியம். மூன்றாவது வகைக்கு எதுவுமே வேண்டாம். முழுப் பயணமும் மூன்றாவது வகையாகவே இருந்தால் ஸ்பூனை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். அடுப்பும் மிச்சம், எரிவாயுவும் மிச்சம்.

எல்லாவற்றையும் கையாலேயே சாப்பிட்டால் என்ன? சாப்பிடலாம், கையைச் சோப்புப் போட்டுக் கழுவத் தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும் இடமாக இருந்தால். ஆல்கஹால் ஜெல் மட்டும் தடவிக்கொண்டால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸ் போன்றவை முழுதாகப் போவதில்லை. அதோடு, கொதிக்கக் கொதிக்க இருக்கும் சூப்பையும் ஆழமான பையையும் கையால் சமாளிக்க முடியாது.

படி 2: தராசில் வையுங்கள்

ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசு போதும். வீட்டில் இருக்கும் எவர்சில்வர் சாப்பாட்டு ஸ்பூனை வைத்துப் பாருங்கள், 40 முதல் 60 கிராம் காட்டும். அதே வேலையைச் செய்யும் நீளமான டைட்டானியம் ஸ்பூன் 15 முதல் 20 கிராம். அலுமினியம் என்றால் 10 முதல் 13. பிளாஸ்டிக் ஸ்பூன்களும் ஏறக்குறைய பத்து கிராமை ஒட்டியே வரும்.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எவர்சில்வரிலிருந்து மாறினால் 30, 40 கிராம் குறைகிறது, சரி. ஆனால் டைட்டானியத்துக்கும் அலுமினியத்துக்கும் இடையே இருப்பது ஏழெட்டு கிராம்தான். குடுவையில் இரண்டு வாய் தண்ணீர் குறைவாக இருந்தாலே அதைவிட அதிக எடை குறைந்துவிடும். அந்த ஏழெட்டு கிராமுக்காக இரவெல்லாம் விலைப்பட்டியல்களை ஒப்பிட்டுக்கொண்டிருப்பது வெட்டி வேலை. நிஜமாக எடை குறைவது எதை எடுத்துச் செல்லாமல் விடுகிறீர்கள் என்பதில்தான். தட்டு, கிண்ணம், ஃபோர்க், சாப்பாட்டுக் கத்தி, இரண்டாவது குவளை இவற்றை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துக் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அரைக் கிலோவை நெருங்கிவிடும்.

படி 3: நீளத்தைக் கணக்கிடுங்கள்

புதியவர்கள் அதிகமாக ஏமாறுவது இங்கேதான். 16, 17 செ.மீ. ஸ்பூன் கடையில் கைக்கு அடக்கமாகத்தான் தெரியும். உலர் உணவுப் பைக்குள் விட்டதும் விரல் முட்டி வரை குழம்பு ஒட்டும். மலைச்சரிவில், இருட்டில், கை கழுவத் தண்ணீர் இல்லாத நேரத்தில் இது சின்னத் தொல்லை இல்லை. அந்தப் பிசுக்கு கையுறைக்கும் தூங்கும் பைக்கும் போய்ச் சேரும். வாசனை பிடித்து விலங்குகளும் வரும்.

கணக்கு எளிது. ஸ்பூனைப் பிடிக்க விரல்களுக்குக் காம்பில் ஏறத்தாழ 6 செ.மீ. வேண்டும். ஸ்பூனின் நீளத்திலிருந்து 6 கழித்தால் வருவது, கையில் ஒட்டாமல் அது எட்டும் ஆழம். 22 செ.மீ. ஸ்பூனுக்கு 16 செ.மீ.; 17 செ.மீ. ஸ்பூனுக்கு வெறும் 11.

உலர் உணவுப் பைகள் பலவும் 20 செ.மீ.க்கு மேல் உயரமானவை. அதனால் நீள ஸ்பூன் வைத்திருந்தாலும் பையைக் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கும். வெந்நீர் ஊற்றிக் கிளறி, வாயை மூடி, ஊற வேண்டிய நேரம் முழுக்க ஊறவிடுங்கள். அதன்பிறகு, சாப்பிடத் தொடங்கும் முன், உணவுமட்டத்துக்கு மூன்று நான்கு விரல் மேலே பையை வெட்டி எடுத்துவிடுங்கள். ஊறுவதற்கு முன்பே வெட்டினால் வாயை மூட வழியிருக்காது, சூடு வெளியேறிவிடும், உள்ளே பாதி வேகாமல் கடக்கு மொடக்கென்று இருக்கும். வெட்டிய துண்டைக் காற்றில் விடாமல் குப்பைப் பையில் போடுங்கள்.

பாத்திரத்திலேயே சாப்பிடுகிறவர்களுக்கு இவ்வளவு நீளம் தேவைப்படாது. ஆனாலும் கொதிக்கும் பாத்திரத்தைக் கிளறும்போது ஆவி கையில் படாமலிருக்க நீளக் காம்பு உதவும். அதன் ஒரே குறை, பாத்திரத்துக்குள் அடங்காது. தனியாளுக்கான 750 மி.லி. பாத்திரம் ஒன்றின் விட்டம் 9.5 செ.மீ., உயரம் 11 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், உள்ளே குறுக்காகச் சாய்த்து வைத்தாலும் 14.5 செ.மீ.தான் இடம். 17 செ.மீ. ஸ்பூன்கூட மூடிக்குள் போகாது. மடக்கு ஸ்பூன் அடங்கும், ஆனால் அதன் சங்கதி வேறு, கீழே வருகிறது.

படி 4: எந்த உலோகம், எந்தப் பிளாஸ்டிக்?

டைட்டானியத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 4.5 கிராம், எவர்சில்வரின் அடர்த்தி 8-ஐ ஒட்டியது. அதாவது ஒரே அளவில் செய்தால் பாதிக்குச் சற்றே மேலான எடை. துருப் பிடிக்காது, புளிப்பும் உப்பும் அதை ஒன்றும் செய்யாது, உணவில் உலோகச் சுவை ஏறாது. வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதால் சூடான சூப்பில் கிடந்தாலும் காம்பு சட்டென்று சுடாது. ஆனால் வளையாமல் நிற்பதில் எவர்சில்வருக்கு இது ஈடில்லை. அதே தடிமனில் சுமார் இரு மடங்கு வளைந்துகொடுக்கும். எனவே தட்டையான தகட்டுக் காம்பை வாங்காதீர்கள். நீளவாக்கில் நடுவே பள்ளமோ மடிப்போ விழுந்திருக்கும் காம்பு அதே எடையில் நன்றாக விறைத்து நிற்கும். இன்னொன்று, மணல் வீசிச் சொரசொரப்பாக்கிய டைட்டானியம் உதட்டில் படும்போது பலருக்குக் கூசும். குழியை மட்டும் மெருகேற்றி, காம்பைச் சொரசொரப்பாகவே விட்ட ஸ்பூன்கள் கிடைக்கின்றன, அவற்றைப் பாருங்கள்.

அலுமினியம் இன்னும் லேசு, அடர்த்தி 2.7. விலையும் குறைவு. ஆனால் சாதாரண அலுமினியம் வளைந்துவிடும்; 7075 என்ற எண் போட்ட உலோகக்கலவையில் செய்ததே பயணத்துக்குத் தாங்கும். மேலே அனோடைஸ் செய்த, அதாவது மின்சாரம் செலுத்தி உண்டாக்கிய, காப்புப் படலம் இருக்கும். அதைக் கம்பி நாராலும் மணலாலும் தேய்க்கக் கூடாது, பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் போடக் கூடாது. அந்த இயந்திரத்துக்கான காரமான சோப்புத்தூள் படலத்தைத் தின்றுவிடும். பிறகு ஸ்பூன் வெளுத்து, கை பட்ட இடமெல்லாம் சாம்பல் நிறம் ஒட்டும். வெப்பத்தை வேகமாகக் கடத்துவதால் கொதிக்கும் பாத்திரத்தில் போட்டுவைத்து எடுத்தால் கை சுடும்.

பிளாஸ்டிக்கை மட்டமாக நினைக்க வேண்டாம். நான்ஸ்டிக் பூச்சுள்ள பாத்திரம் கொண்டுபோனால் உலோக ஸ்பூனுக்கு அங்கே வேலையே இல்லை. முதல் நாளிலேயே பூச்சில் கோடு விழும். அங்கே நைலான், பாலிபுரொப்பிலீன், மரம் இவைதான் சரி. பாலிகார்பனேட்டில் பிபிஏ என்ற வேதிப்பொருள் இருக்கும் என்பதால் அதைத் தவிர்க்க நினைப்பவர்கள் பிபிஏ இல்லாத ட்ரைட்டான் என்ற பிளாஸ்டிக்கை எடுக்கலாம். பிளாஸ்டிக்கின் பலவீனம் இரண்டு. அடுப்பு எரியும்போது பாத்திர விளிம்பில் சாய்த்துவைத்தால் உருகும், எண்ணெயில் வதக்கினாலும் உருகும். கொதிநீர் மட்டும் என்றால் பயமில்லை. உறைபனிக் குளிரில் பாலிபுரொப்பிலீன் மொறுமொறுவென்று ஆகிவிடும், அழுத்திக் கிளறினால் காம்பு ஒடியும்.

கடுங்குளிரில் உலோகத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு. ஈர உதட்டில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். வாயில் வைக்கும் முன் சூடான உணவில் சில நொடி முக்கி வையுங்கள். காம்பில் பிடிக்கும் இடத்தில் துணி டேப் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள்.

மர ஸ்பூன், மூங்கில் ஸ்பூன் இரண்டும் லேசுதான். ஈரத்தோடு பைக்குள் கட்டிவைத்தால் பூஞ்சை பிடிக்கும், வாசனையையும் விடாது. நன்றாகக் காயவைக்கும் பொறுமை இருப்பவர்களுக்கு மட்டும்.

படி 5: ஸ்பூனா, ஸ்போர்க்கா?

ஸ்பூனும் ஃபோர்க்கும் ஒன்றாகச் சேர்ந்ததே ஸ்போர்க். இப்படிப் பலவற்றை ஒன்றாக்கும் ஆசை பழையது. ஸ்பூன், ஃபோர்க், கத்தி மூன்றும் சேர்ந்த ஒரு கருவிக்கு அமெரிக்காவில் சாமுவேல் டபிள்யூ. ஃபிரான்சிஸ் 1874-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை இந்தக் கருவியில் ஒரு வேலையைப் பெற இன்னொரு வேலையை விட்டுக்கொடுக்க வேண்டித்தான் இருக்கிறது.

குழியின் நுனியில் பல் வெட்டிய ஸ்போர்க்கில் சூப் எடுத்தால் பல்லிடுக்கு வழியே ஒழுகும். பாத்திரத்தின் அடியை வழிக்க முடியாது, பல் பட்ட இடத்தில் கோடுதான் விழும். உலர் உணவுப் பையை அதன் பல் குத்திவிட்டால் குழம்பு மடியில். ஒரு முனையில் ஸ்பூனும் மறுமுனையில் ஃபோர்க்கும் உள்ள வகையில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் பிடிக்கும் இடமே எச்சிலாகிவிடும். அதில் பிளாஸ்டிக் மாதிரிகள் இடுப்பில் ஒடியும். பக்கவாட்டில் ரம்பப்பல் வெட்டியிருந்தால் அதுவும் தலைவலிதான்: ரொட்டியைக்கூட ஒழுங்காக அறுக்காது, கடைவாயை மட்டும் கீறும்.

மடக்கு ஸ்பூனில் பார்க்க வேண்டியது கீல். அதன் இடுக்கில் உணவு போய் உறைந்தால் ஊசி இல்லாமல் எடுக்க முடியாது. பூட்டு வளையம் தளர்ந்திருந்தால் கெட்டியான ஓட்ஸில் அழுத்தும்போது காம்பு மடங்கிக் கை உள்ளே போகும். வாங்கும் முன் விரித்துப் பிடித்து, குழியைக் கட்டைவிரலால் இரண்டு பக்கமும் அழுத்திப் பாருங்கள். லேசாக ஆடினாலும் வேண்டாம்.

ஆக, சாதா ஸ்பூன். நூடுல்ஸை எப்படி எடுப்பது என்ற ஒரே கேள்விக்கும் எளிய பதில் இருக்கிறது. வேகவைக்கும் முன் பாக்கெட்டோடு நான்கைந்து துண்டாக நொறுக்கிவிடுங்கள். காய் நறுக்க, பாக்கெட் திறக்க இருபது இருபத்தைந்து கிராம் மடக்குக் கத்தி ஒன்று போதும். விமானத்தில் போகிறவர்கள் அதைக் கையில் வைத்திருக்கும் பையில் வைக்காமல் சரக்கில் போடும் பையில் வைக்க வேண்டும்.

ஸ்பூனின் குழியையும் கவனியுங்கள். அகலம் 4 செ.மீ.யை ஒட்டி இருக்கலாம், 4.5-ஐத் தாண்டினால் வாய்க்குள் சிரமம். ரொம்ப ஆழமாக இருந்தால் அடியில் ஒட்டியதை உதட்டால் எடுக்க முடியாது. நுனி கூராக இல்லாமல் கொஞ்சம் மொண்ணையாக இருந்தால் பாத்திரத்தின் அடியையும் பையின் மூலையையும் சுத்தமாக வழித்தெடுக்கலாம். வெந்நீர் இல்லாமல் திருகுமூடி டப்பாவில் தண்ணீர் விட்டு ஊறவைத்தே சாப்பிடுகிறவர்களானால், டப்பாவின் வாய் வழியே ஸ்பூன் சாய்ந்து அடிமூலையைத் தொடுகிறதா என்று டப்பாவையே கடைக்கு எடுத்துப்போய்ப் பாருங்கள்.

படி 6: குவளையும் பாத்திரமும்

தனியாகப் போகிறவருக்கு 750 மி.லி. பாத்திரம் ஒன்றே சமைக்க, சாப்பிட, குடிக்க. 100, 110 கிராம் எரிவாயுக் குடுவை அதற்குள்ளேயே அடங்கிவிடுவது கூடுதல் வசதி. இருவர் என்றால் பெரிய பாத்திரம் ஒன்று, குவளை ஒன்று, ஸ்பூன் இரண்டு. ஒருவர் பாத்திரத்தில், மற்றவர் குவளையில் சாப்பிடலாம். ஸ்பூனை மட்டும் பகிர வேண்டாம். ஒருவருக்கு வயிறு கெட்டால் மறுநாள் இருவரும் படுத்துவிடுவீர்கள்.

இரட்டைச் சுவர்க் குவளை சூட்டைத் தாங்கிவைக்கும், கை சுடாது. ஆனால் ஒற்றைச் சுவர்க் குவளையைவிட நன்றாகவே கனமானது. முக்கியமாக, அதை அடுப்பில் வைக்கக் கூடாது. இரு சுவருக்கும் நடுவே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து குவளை வெடிக்கலாம். ஒற்றைச் சுவரில் விளிம்பு உதட்டைச் சுடும். விளிம்பில் மாட்டும் சிலிக்கான் பட்டை ஒன்று வாங்கினால் தீர்ந்தது. டைட்டானியப் பாத்திரம் தண்ணீர் கொதிக்கவைக்க அருமை, கெட்டியாக எதையும் சமைக்க மோசம். சூடு பரவாமல் தீ படும் இடத்திலேயே நிற்பதால் அடிப்பிடிக்கும். நிஜமாகவே சமைக்கப் போகிறீர்கள் என்றால் அலுமினியப் பாத்திரமே நல்லது.

படி 7: ஸ்பூனை அளவுகோலாக்குங்கள்

உலர் உணவுக்குத் தண்ணீர் அளவு தவறினால் ஒன்று கஞ்சி, இல்லையென்றால் கல். பாத்திரத்தில் மி.லி. கோடு இல்லையா? வீட்டில் 250 மி.லி. தண்ணீர் அளந்து ஊற்றி, ஸ்பூனைத் தலைகீழாக, காம்பு நுனி அடியில் படும்படி நிமிர்த்தி வைத்து, நீர்மட்டம் தொடும் இடத்தில் குறியிடுங்கள். மறுபடி 250 ஊற்றி அடுத்த குறி. மேலே சொன்ன 9.5 செ.மீ. பாத்திரத்தில் இந்தக் குறிகள் சுமார் 3.5 செ.மீ., 7 செ.மீ. உயரத்தில் விழும். டைட்டானியத்தில் அரத்தால் கீறலாம். அனோடைஸ் அலுமினியத்தைக் கீறினால் படலம் போய்விடும் என்பதால் அழியா மை போதும். பிடிக்கிற இடம் என்பதால் அவ்வப்போது திரும்பப் போட வேண்டிவரும்.

படி 8: வீட்டில் ஒரு வேளை ஒத்திகை

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே, கொண்டுபோகும் அதே உணவை அதே பாத்திரத்தில் செய்து, அதே ஸ்பூனால், நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மடியில் வைத்துச் சாப்பிடும்போது கை எங்கே சுடுகிறது, எங்கே ஒட்டுகிறது என்பது தெரியும். கடைசியில் அடியில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். வழிக்க முடியாமல் மிஞ்சுவதையெல்லாம் காட்டில் நீங்கள் தண்ணீர் செலவழித்துக் கழுவ வேண்டும்.

படி 9: தொலையாமல் பார்த்துக்கொள்வது

ஸ்பூன் உடைவது அரிது, தொலைவதே வழக்கம். சாம்பல் நிற டைட்டானியம் புல்லிலோ சரளைக்கல்லிலோ விழுந்தால் டார்ச் அடித்தாலும் கண்ணில் படாது. காம்புத் துளையில் கயிறு கட்டுவதைவிட, காம்பு நுனியில் ஆரஞ்சு நிற டேப் ஒரு சுற்றுச் சுற்றுவது மேல். கயிறு குழம்பில் நனைந்து நாறும். தண்ணீர் அளக்கக் குறி போட்டிருந்தால், டேப் அந்தக் கோடுகளை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டதும் ஸ்பூனைத் தரையில் வைக்காமல் நேராக உணவுப் பைக்குள் வையுங்கள். இரவில் உணவை மரத்தில் தொங்கவிடும் இடங்களில் ஸ்பூனும் அதனோடேயே போக வேண்டும். கழுவியிருந்தாலும் வாசனை போயிருக்காது, கூடாரத்துக்குள் வைக்க வேண்டாம்.

படி 10: கழுவுதல்

சாப்பிட்டு முடித்த கையோடு, காயவிடாமல், 50 மி.லி. வெந்நீர் ஊற்றி ஸ்பூனால் சுற்றிலும் வழித்து, அதைக் குடித்துவிடுங்கள். முகம் சுளிக்க ஒன்றுமில்லை, சற்று முன் சாப்பிட்ட அதே சூப்தான். இப்படிச் செய்தால் பெரும்பாலும் சோப்பே தேவைப்படாது. எண்ணெய்ப் பிசுக்கிருந்தால் ஒரு துண்டுக் காகிதத்தால் துடைத்து, காகிதத்தைக் குப்பைப் பையில் போடுங்கள். சோப்பு வேண்டியே ஆக வேண்டுமென்றால் ஓடை, ஏரியிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளிப் போய்க் கழுவி, பருக்கைகளை வடிகட்டி எடுத்துக்கொண்டு, தண்ணீரை மட்டும் பரவலாக வீசி ஊற்றுங்கள். மட்கும் சோப்பு என்று எழுதியிருந்தாலும் ஓடையில் கலக்கக் கூடாது. அது மட்குவதற்கு மண் வேண்டும். மறுநாள் காலை தண்ணீர் கொதிக்கும்போது ஸ்பூனின் குழியை ஒரு நிமிடம் அதில் முக்கி எடுங்கள். நைலானும் டைட்டானியமும் இதைத் தாராளமாகத் தாங்கும்.

இத்தனைக்கும் பிறகும் ஸ்பூன் தொலைந்துபோனால்? அலுமினியத் தாளை நான்காக மடித்துக் குழித்துக்கொள்ளலாம், உலர் உணவுப் பையிலிருந்து வெட்டிய கெட்டித் துண்டையும் அப்படியே பயன்படுத்தலாம். குச்சியைச் சீவிக்கொள்வதானால் உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த மரத்தில் மட்டும் எடுங்கள். அரளியைப் போல் குச்சி வரை நஞ்சுள்ள செடிகள் இருக்கின்றன. நாலைந்து பேர் சேர்ந்து போகும்போது யாராவது ஒருவர் பத்து கிராம் பிளாஸ்டிக் ஸ்பூன் ஒன்றை உபரியாக எடுத்துக்கொள்ளட்டும். யார் எடுக்கிறார்கள் என்பதைக் கிளம்பும் முன்பே பேசி வையுங்கள், இல்லையென்றால் நாலு பேரும் எடுத்துவருவார்கள், அல்லது யாருமே எடுத்துவர மாட்டார்கள்.